கட்டிலடியில் கடுகு

...துடைத்திருக்கலாம், ஒரு பழைய துணி கையில் சிக்கியிருந்தால் துடைத்தே இருப்பார், அதற்குள் மருமகள் வந்துவிட்டாள், குளியலறை வாசலில் தேங்கிக் கிடந்ததைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள், அவரோ அதற்குள் வேறு பைஜாமாவில், நனைந்ததைச் சுருட்டித் தன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னலோரத்தில்... "மாமா, உங்க செல்லம் செஞ்ச வேலையப் பாத்தீங்களா?" எவ்வளவு மெதுவாகக் கேட்டாள். இந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்துவதில்லை, அதைச் சொல்லித்தானே நாய்கள் காப்பகத்திலிருந்து இந்தக் கடுகை வாங்கி வந்தார்கள், அடிபட்ட குட்டி நாய், பயந்த சுபாவம், அமைதியான வீடென்றால்தான் தருவோம் என்று அங்கிருந்த பெண் சொன்னபோது, எங்க வீட்ல ஸ்பூன் விழுந்தாக்கூட சத்தம் கேக்காது என்று மருமகள் சிரித்தாள், உண்மைதான், போன வாரம் மகனிடம் அவள் பேசியதும் அப்படித்தான், காதைத் தீட்டிக்கொண்டதால் இவருக்குக் கேட்டது, "இன்னொரு தடவை நனைச்சாருன்னா முதியோர் இல்லம்தாங்க, அங்க நல்லாப் பாத்துப்பாங்க."

"சின்னதுதானேம்மா, அடக்கத் தெரியல" என்றார். முழுப் பொய்யா அது? "நான் திட்டவே இல்லையே மாமா. காப்பகத்துக்குப் போன் பண்ணிட்டேன், திருப்பி விட்டுடலாம். அங்க நல்லாப் பாத்துப்பாங்க." அதே சொற்கள், அதே கனிவு. அவருக்கு வந்தது துக்கமா... இல்லை, அதுதான் வெட்கக்கேடு, வந்தது நிம்மதி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக ஆயுசைக் கழித்தவர், டிக்கெட் இல்லாதவனை எட்டத்திலேயே பிடித்துவிடுவார், அவன்தான் ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு அக்கறையாகப் பார்ப்பான், வெறும் பொட்டலை, ஏதோ தன் சொத்து மாதிரி, பக்கத்து ஆள் மாட்டிக்கொண்டு இறங்கும்போது அவன் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள்...

மகன் கூடையோடு வந்தான். "நீங்க உக்காருங்கப்பா, கட்டிலுக்கடியில கைய விட்டு இழுத்துடறேன்." கட்டிலுக்கடியிலா. "வேணாண்டா, கடிச்சிடும்." "இதுவா? ஈ பறந்தாலே நடுங்குது, இது கடிக்குமா?" அவன் குனியப் போனான், இவர் முந்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். கடுகு அந்தப் பைஜாமாவின் மேல்தான் படுத்திருந்தது, மூக்கை அதில் புதைத்துக்கொண்டு. வந்த நாள் முதல் யார் கூப்பிட்டும் வராதது, பிஸ்கட்டைக் காட்டினாலும் சுவரோடு ஒட்டிக்கொள்வது, அது எங்கே இப்போது வரப்போகிறது... "கடுகு, வாடா செல்லம்." வந்துவிட்டது. ஒரு தடவை உறுமியிருக்கக் கூடாதா? வயிற்றைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வந்து, அவர் விரலை முகர்ந்து, நக்கி, முழு எடையையும், எடை என்ன எடை, ஒரு சின்னத் தலையணை, அவர் மடியில் சாய்த்தது. "பாரேன், அப்பாகிட்ட மட்டும் ஒட்டிக்குது" என்றான் மகன், கூடையைத் திறந்தபடி.

மூடும்போது அது குரைக்கவில்லை, அவரையே பார்த்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், எதிர்வீட்டுச் சுவர், அதில் ஒன்றுமில்லை, அதை அத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், வாசல் கதவு சாத்தும் சத்தம் வரும்வரை, கார் கிளம்பும்வரை. மருமகள் இன்னும் பின்னால்தான் நின்றாள். "காலைல போட்டிருந்த பைஜாமாவக் குடுங்க மாமா, ஊற வெச்சிடறேன்." குரலில் கோபமே இல்லை. அப்படியானால் இவளுக்கு... போன் பண்ணும்போதே...