வெளியே போகிற ஷட்டில்

இரட்டையர் இறகுப்பந்தில் கை பாதி ஆடினால் மீதியை வாய் ஆட வேண்டும். நடுவில் வருகிற ஷட்டிலுக்கு "எனக்கு" என்று ஒருவன் கத்தாவிட்டால் இரண்டு மட்டைகளும் ஒன்றையொன்று மொத்திக்கொள்ளும். கூப்பாடுகளிலேயே பெரியது "விடு". எதிராளி அடித்தது கோட்டைத் தாண்டி விழப்போகிறது, தொடாதே என்று அர்த்தம். கேட்டதும் மட்டையை இறக்கிவிட வேண்டும். தன் கண் என்ன சொன்னாலும் சரி.

இந்த விஷயத்தில் பன் மாதிரி கூட்டாளியை நம்புகிறவன் அந்த கிளப்பில் கிடையாது. பேக்கரியில் மாவு பிசைகிறவன் என்பதால் வந்த பெயர். கன்னமும் பெயருக்கேற்றபடி அமைந்துவிட்டது. கூட்டாளி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன், ஆகவே லென்ஸ். லென்ஸ் "விடு" என்றால், ஷட்டில் மூக்குக்கு நேரே வந்தாலும் பன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போலீஸில் சிக்கியவன் மாதிரி நிற்பான். லென்ஸின் கணிப்பு தப்பாது. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் அல்லவா?

தன் கண் கொஞ்ச காலமாக எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அது பன்னின் பிடரியில் நின்றது. பன் முன்னால் நின்று சர்வீஸ் போடும்போது, வியர்வையில் சுருண்டு ஒட்டியிருக்கும் அந்த முடிச்சுருளில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுந்து வா என்றால் வராது.

போன வாரம்தான் வினை வந்தது. பக்கத்து நகரத்துப் பெரிய கிளப்பில் ஒருவன் இருக்கிறான், கழுத்தும் காலும் நீண்டு போனதால் கொக்கு என்று பெயர். அவன் பன்னைத் தன் ஜோடியாகக் கேட்டான். பன் பேக்கரியின் பின்வாசலுக்கு வந்து, புருவமெல்லாம் மாவோடு லென்ஸிடம் விஷயத்தைச் சொன்னான்.

"அங்கேயே தங்கி ஆடணுமாம்டா. போகட்டுமா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? கண்ணை மூடிட்டுப் போ!"

"நிஜமாவா சொல்ற?"

"சத்தியமா மச்சான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் பாரு." பல்லெல்லாம் தெரியச் சிரித்தும் காட்டினான்.

பன்னின் முகம், அவசரப்பட்டு அடுப்பிலிருந்து எடுத்த கேக் மாதிரி நடுவில் அமுங்கியது. பல்லைக் காட்டுவதில் மும்முரமாக இருந்த லென்ஸ் அதைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவோடு கட்டிலில் விழுந்தான். அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருடா செத்தது?"

"மச்சானுக்குப் பெரிய கிளப்புல இடம் கிடைச்சிருக்கு."

"மச்சான் மச்சான்னு உருகுறியே, அவன் உனக்கு மச்சான் ஆகணும்னா என்னைக் கட்டிக்கணும். எனக்குத்தான் ஒருத்தர் ஏற்கெனவே பக்கத்து ரூம்ல குறட்டை விட்டுட்டிருக்காரே. அப்ப அவன் உனக்கு யாரு?"

லென்ஸ் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

"மூடிக்கிட்டா தெரியாதா? எனக்கு எப்பவோ தெரியும். அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா இருக்கிற சிநேகிதமும் போயிடும்க்கா."

"சொல்லலேன்னா மட்டும்? கொக்கு கொத்திட்டுப் போகப் போகுது."

ஆக, ஞாயிற்றுக்கிழமை அரையிறுதிக்கு வந்து நின்றபோது லென்ஸின் கவலை ஆட்டத்தைப் பற்றியது அல்ல. கொக்கு காலரியில் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் பன் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வரிசை பின்னால் அக்கா, கொக்கின் பின்மண்டையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு செட் ஜெயித்து, கடைசி செட்டில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. எதிராளி பின்கோட்டைக் குறிவைத்து உயரத் தூக்கி அடித்தான். பன் பின்னாலேயே ஓடினான். அடி கூடிப்போயிருந்தது. ஷட்டில் கோட்டுக்கு வெளியேதான் விழும், ஒரு முழமாவது வெளியே. அது லென்ஸுக்குத் தெரிந்தது, நடுவருக்குத் தெரிந்தது, காலரியில் தூங்கி எழுந்தவருக்குக்கூடத் தெரிந்தது. ஆனால் லென்ஸ் திரும்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டது ஷட்டில் இல்லை. தன்னைவிட்டுத் தூரமாக, தூரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு முதுகு. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"விடாதே!"

பன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பின்னால் எகிறி, உடம்பை வில்லாக வளைத்து, வெளியே போன ஷட்டிலை எட்டிப் பிடித்து அடித்தான். அது மட்டையின் விளிம்பில் பட்டு வலையில் போய்ச் செருகிக்கொண்டது. பன் தரையில் மல்லாந்தான். பெஞ்சில் இருந்த, அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"இருபது, பத்தொன்பது," என்றார் நடுவர்.

பன் எழுந்து வந்தான். கோபம் இல்லை, வெறும் ஆச்சரியம். "டேய், அது வெளிய போச்சுடா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா விடாதேன்ன?"

லென்ஸ் மட்டையின் நரம்பை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆரம்பித்தான். எல்லாமே சரியாகத்தான் இருந்தன.

"டேய். உன்னைத்தான் கேக்கிறேன்."

"நான் ஷட்டிலைச் சொல்லல," என்றான் லென்ஸ்.

பன்னின் வாய் திறந்தபடியே நின்றது. நடுவர், "ஆடுங்கப்பா," என்றார்.

"சார், தரை ஈரமா இருக்கு சார்!" என்று பன் கத்தினான். "நான் விழுந்த இடத்துல ஒரே வேர்வை. துடைக்கச் சொல்லுங்க சார்!"

துடைப்பான் எடுக்க ஆள் போனார். பன் பக்கத்தில் வந்து குனிந்து, ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் முணுமுணுத்தான். "அப்ப எதைடா சொன்ன? சீக்கிரம் சொல்லு, அந்த ஆள் வந்துட்டிருக்காரு."

"என்னை."

"என்ன, என்னை?"

"என்னை விட்டுட்டுப் போகாதேன்னு. போதுமா?"

"ஜோடியாவா?"

லென்ஸ் உச்சி விளக்கைப் பார்த்தான். காது இரண்டும் பழுத்துவிட்டன. "எல்லாமாவும்."

பன் கட்டிக்கொண்டிருந்த லேஸ் முடிச்சு விழாமல் நழுவியது. மறுபடி போட்டான், மறுபடி நழுவியது. "மடையா," என்றான், குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "போகட்டுமான்னு எதுக்குடா உன்கிட்ட வந்து கேட்டேன்? நீ போகாதேன்னு சொல்லுவேன்னுதானே! நீ என்னடான்னா டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி இளிக்கிற. ரெண்டு நாள் நான் பிசைஞ்ச மாவு ஒண்ணுகூட எழும்பல, முதலாளி கிழிச்சுட்டாரு."

"அப்ப நீயும்…"

"நானும்தான். எப்பவோ. லேஸைக் கட்டி விடுடா, துடைச்சு முடிக்கப் போறாரு."

தரை துடைத்தாயிற்று. அடுத்து நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. எதிராளி சர்வீஸ் போட்டான், பன் எடுத்தான், லென்ஸ் எடுத்தான், இருவரும் ஓடினார்கள், மோதிக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டே விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஷட்டில் என்னமோ கீழே விழ மறந்துவிட்டது போலப் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் பன் எம்பி, உலகத்தின் மேல் இருந்த அன்பையெல்லாம் சேர்த்து ஓர் அடி அடித்தான். அது வலையின் மேல்விளிம்பில் பட்டு, கொஞ்சம் யோசித்து, இவர்கள் பக்கமே விழுந்தது.

தோற்றாயிற்று. பன் மட்டையை வீசிவிட்டு லென்ஸைத் தூக்கிச் சுற்றினான். லென்ஸ் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஜெயித்த இருவரும் கைகுலுக்க வந்து, வலைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டியபடி நின்றார்கள். பாயிண்ட் எழுதுகிறவர் தன் தாளை ஒருமுறை சரிபார்த்தார்.

"தோத்தது நீங்கடா!" என்று மாஸ்டர் பெஞ்சிலிருந்து அலறினார்.

காலரியில் அக்கா பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டி, "என் தம்பி, என் தம்பி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொக்கு இறங்கி வந்தான். நல்லவன்தான், பாவம். "நல்லா ஆடினே, கடைசி ரெண்டு பாயிண்ட் தவிர," என்றான் பன்னிடம். "அப்ப எப்ப வர்ற?"

"மன்னிச்சுக்கோங்கண்ணே. வீட்டுல விட மாட்டேங்கிறாங்க."

"உனக்குக் கல்யாணமே ஆகலையேப்பா. வீட்டுல யாரு?"

பன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். லென்ஸ் துண்டால் முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். கொக்கு அவனைப் பார்த்தான், இவனைப் பார்த்தான், நீளக் கழுத்தை மெதுவாக ஆட்டினான். "ஓஹோ," என்றான். "சரி சரி. வீட்டைக் கேட்டதாச் சொல்லு."

உடை மாற்றும் அறையில் கூட்டம். மாடிப்படிக்குக் கீழே, பழைய வலைகளைச் சுருட்டிப் போட்டிருக்கும் மூலையில்தான் இடம் கிடைத்தது. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். இவ்வளவு காலம் எதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று லென்ஸுக்கு மறந்துபோனது. பிறகு ஒரே நேரத்தில் இருவரும் முன்னால் சாய, நெற்றியும் நெற்றியும் ணங்கென்று இடித்துக்கொண்டன.

"ஆ! கண்ணு தெரியலையா உனக்கு?"

"நீதானே வந்து இடிச்சே!"

"அசையாம நில்லுடா. நான் வரேன்."

லென்ஸ் அசையாமல் நின்றான். பன் வந்தான்.