வந்தவர்களின் எண்ணிக்கை

கார் நிறுத்துமிடத்தின் மேல்தளக் கூண்டில் அவளுடைய இரண்டு கைகளுக்கும் வேலை இருந்தது. வலது கை பொத்தானை அழுத்தினால் தடுப்புக் கம்பு எழும்பும், கார் உள்ளே போகும். அது சம்பளத்துக்கு. இடது கைக் கட்டைவிரல் போனில் கணவனுடைய கடையின் இணையப் பக்கத்தைத் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். அது குடும்பத்துக்கு.

ஒவ்வொரு முறை திறந்ததும் உச்சியில் ஒரு வரி வரும்: ‘வருக! இன்று எங்களைத் தேடி வந்த 88ஆவது நபர் நீங்கள்.’ அடுத்த கார் போனதும் 89.

தப்பு எதுவும் செய்வதாக அவள் நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தைச் செய்துகொடுத்த அவள் தம்பிதான் சொன்னான்: “சும்மா விட்டா இதை நாய்கூடச் சீண்டாதுக்கா. ஆளுங்க திறந்து பார்க்கப் பார்க்கத்தான், தேடும்போது மேல வரும்.” அடுப்பை ஊதிவிடுகிற மாதிரி என்று அவள் புரிந்துகொண்டாள். பற்றும்வரை ஊத வேண்டும். பற்றிய பிறகு தானே எரியும்.

கணவன் சக்கர நாற்காலி பழுது பார்ப்பவன். தெருவில் எல்லோரும் அவனைச் சக்கரம் என்றே கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடக் கடை. ஒரு பெரிய கம்பெனி வந்து, நாற்காலி வாங்கினால் மூன்று வருடம் இலவசப் பழுது என்று அறிவித்த பிறகு சக்கரம் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினான். அப்புறம் அந்தக் கம்பெனியே ஆள் அனுப்பியது. எங்கள் பட்டறைக்கு வந்துவிடுங்கள், மாதச் சம்பளம், இந்த மாதக் கடைசி வெள்ளிக்குள் சொல்லுங்கள், அதற்குமேல் வேறு ஆள் பார்த்துவிடுவோம். அதே வாரத்தில்தான் கடையின் வாடகை ஒப்பந்தமும் முடிகிறது. புதுப்பித்தால் இரண்டு வருடம் நகர முடியாது.

“அதுக்குள்ள வெப்சைட் பேசிடும்” என்றான் சக்கரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். தம்பி பல் மருத்துவர்களுக்கும் டிரைவிங் ஸ்கூல்களுக்கும் பக்கம் செய்துகொடுப்பவன். தொழில் தெரிந்தவன்.

“மாமா, நாற்காலியில ஆள் உட்கார்ந்திருக்கற மாதிரி நாலு படம் வேணும். சிரிச்ச முகமா.”

“உட்கார்ந்திருக்கறவங்களைக் காட்டி யாவாரம் பண்ண மாட்டேன்.”

“கேட்டுட்டுத்தானே எடுப்போம்?”

“கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க. அவங்க வண்டி என் கையில இருக்கே.”

ஆகவே காலி நாற்காலிகளைப் படம் எடுத்தார்கள். சக்கரம் ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்துச் சுவரோரம் நிறுத்தினான். ஆறு படங்கள். தம்பி அவற்றைத் திரையில் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இது கடை மாதிரி இல்ல. ஆள் போய்ச் சேர்ந்த வீடு மாதிரி இருக்கு.”

“உன் மூஞ்சியப் போட்டுப் பாரு. இருக்கறவனும் எழுந்து ஓடுவான்.”

மூவரும் சிரித்தார்கள். அந்தக் கடைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

‘எங்களைப் பற்றி’ என்ற இடத்துக்குச் சக்கரம் மூன்று தாள் எழுதி வைத்திருந்தான். தம்பி அதை நாலு வரியாக வெட்டினான். சக்கரம் முனகினாலும் விட்டுக்கொடுத்தான். ஒன்றை மட்டும் விடவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

“இப்பல்லாம் யாரும் அதை வெக்கறதில்ல மாமா. பட்டிக்காட்டுத்தனமா இருக்கும்.”

“காத்து எவ்வளவு இருக்குன்னு பார்க்காம டயரை ஓட்டச் சொல்றியா? வை.”

தம்பி வைத்தான்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது. இரண்டாம் வாரம் தொண்ணூறு. மூன்றாம் வாரம் இருநூறைத் தாண்டியது. சக்கரம் தினமும் சாயங்காலம் ஷட்டரின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எண்ணை எழுதினான். சவரம் செய்துகொள்ளத் தொடங்கினான். சாப்பிடும்போது பேசினான்.

“ஒருத்தர்கூடக் கூப்பிடலையேங்க” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“சக்கரம் உடையாம எவன் கூப்பிடுவான்? பார்த்து வெச்சுக்கறாங்க. இருநூறு பேர்ல ஒருத்தனுக்கு பிரேக் போகாதா?”

அது நியாயமாகவே பட்டது. அவள் இன்னும் கொஞ்சம் ஊதினாள். எத்தனை தடவை திறக்கிறோம் என்று அவள் எண்ணியதில்லை. விரலில் சொடக்கு எடுப்பதை யார் எண்ணுகிறார்கள்? கேட்டிருந்தால் இருபது, முப்பது என்று சொல்லியிருப்பாள். மீதி எல்லாம் ஊர் ஜனம் என்று நம்பினாள்.

மாதக் கடைசி வாரம், திங்கட்கிழமை, மேற்பார்வையாளர் அவளைக் கீழ்த்தளக் கூண்டுக்கு மாற்றினார். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. அன்று முழுக்க அவளுடைய இடது கை மடியில் கிடந்தது.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே சக்கரம் சொன்னான்: “நேத்து என்னமோ வெறும் ஆறு காட்டுச்சு.”

“ஆறா?”

“லைன்ல ஏதோ கோளாறு. உன் தம்பிகிட்ட சொல்லு.”

அவள் தோசைக்கல்லில் இருந்ததைத் திருப்பிப்போட மறந்தாள். கருகல் வாசனை வந்த பிறகுதான் திருப்பினாள். ஆறு. காலையில் எழுந்ததும் அவன் ஒரு தடவை பார்ப்பான். கடை திறந்ததும் ஒன்று. மத்தியானம் இரண்டோ மூன்றோ. ஷட்டரில் எழுதுவதற்கு முன்னால் ஒன்று. அவள் கூட்டிப் பார்த்தாள். மேலே கூட்டுவதற்கு ஆளே இல்லை.

அன்றும் கீழ்த்தளம்தான். வேலை முடிந்து வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

“ஒரே ஆள் திரும்பத் திரும்பத் திறந்தா, அதையும் எண்ணுமாடா?”

“எண்ணும். திறக்கற ஒவ்வொரு தடவையும் எண்ணும். அதுக்கு ஆளா தெரியும்?”

“அப்ப எத்தனை ஆளுன்னு பார்க்க முடியாதா?”

“இங்கருந்து பார்க்கலாம். இரு.” விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. “அக்கா.”

“சொல்லு.”

“நாலு போன்தான் இருக்கு. உன்னோடது, மாமாவோடது, என்னோடது. இன்னொண்ணு யாருன்னு தெரியல. ஒரே ஒரு தடவை வந்திருக்கு.”

“அது யாராவது நாற்காலிக்காரங்களா இருக்கும்ல?”

“எட்டு செகண்ட்ல போயிட்டாங்கக்கா.” விசைகளை மறுபடி தட்டினான். “நீ மட்டும் ஒரு நாளைக்கு நூத்தித் தொண்ணூறு தடவை. பைத்தியமா உனக்கு?”

“நீதானேடா திறக்கத் திறக்க மேல வரும்ன?”

“வேற வேற ஆளுங்கக்கா! ஊர்ல இருக்கறவங்க! நீயே ஊர் முழுக்க இருக்க முடியுமா?”

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதைப் பற்றிச் சொல்வார்கள். குதிரைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது பஸ்ஸில் ஏறும்போது முடிவு செய்திருந்தாள். செவ்வாய்தான் ஆகிறது. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இன்றைக்கே சொல்லிவிடலாம். திட்டுவான், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான், இரண்டு நாள் பேச மாட்டான். பேசாவிட்டாலும் பட்டறை வேலைக்குச் சரி என்றுவிடுவான். சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே அடுக்கிக்கொண்டாள்.

நேராகக் கடைக்குப் போனாள். சக்கரம் தரையில் மண்டியிட்டு, கவிழ்த்து வைத்த ஒரு நாற்காலியின் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய சொந்தச் சரக்கு. பழுது பார்க்க யாரும் கொண்டுவந்தது இல்லை.

“என்னங்க, அந்த எண்ணு இருக்கில்ல…”

“இரு, முதல்ல இதைக் கேளு.” அவன் எழுந்து கையைத் துடைத்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “மத்தியானம் அந்தக் கம்பெனிக்காரன் கூப்பிட்டான். என்ன முடிவு பண்ணினீங்கன்னான். வர்றதா இல்லைன்னுட்டேன்.”

“வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கே.”

“எதுக்குக் காத்திருக்கணும்? இருநூறு பேர் என்னைத் தேடி வந்துட்டிருக்கும்போது அவன்கிட்டப் போய் நான் கைகட்டி நிக்கணுமா? ‘நாளைக்கு வந்து அழாதீங்க’ன்னான். ‘உன் கம்பெனி நாற்காலி உடைஞ்சா நீ வா, அழாம பண்ணித்தர்றேன்’னேன்.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். “போனை வெச்ச கையோட கடை சொந்தக்காரரைப் பார்த்து ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு வருஷம். தொல்லை விட்டுது.”

அவள் அங்கிருந்த சக்கர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். அதில் வீட்டு ஆட்கள் உட்காருவது அவனுக்குப் பிடிக்காது. அன்று அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

“நீ என்னமோ சொல்ல வந்தியே?”

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சாக்பீஸ் எண்கள் கண்ணுக்கு நேரே தெரிந்தன. 196, 203, 211, 208. கடைசியாக 6. அதன் பக்கத்தில் அவன் சின்னதாக எழுதியிருந்தான்: லைன் கோளாறு.

“ஒண்ணுமில்ல” என்றாள். “தம்பிகிட்ட கேட்டேன். லைன்லதான் ஏதோவாம்.”

“சொன்னேன்ல? எப்ப சரியாகுமாம்?”

“நாளைக்கு.”

மறுநாள் அவள் அரைமணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போய், மேற்பார்வையாளரின் மேசை முன்னால் நின்றாள். கீழே புகையாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது, பழைய கூண்டையே தாருங்கள் என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். முகம் அந்தப் பொய்க்கு ஒத்துழைத்திருக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டார்.

மேல்தளத்தில் சிக்னல் நன்றாக இருந்தது. முதல் கார் வந்து நின்றது. வலது கையால் பொத்தானை அழுத்தினாள். கம்பு எழும்பியது. இடது கையில் பக்கம் திறந்தது. துடைத்துப் பளபளக்கும் ஆறு நாற்காலிகள் தெரிந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை.

‘வருக! இன்று எங்களைத் தேடி வந்த 3ஆவது நபர் நீங்கள்.’

பின்னால் வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் மூடினாள். மறுபடி திறந்தாள்.