கழிப்பறைச் சாவி

டாக்டர்களை நான் நம்புவதில்லை. ஆனால் என் மனைவிக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாள் சொன்னதில் தப்பில்லை. இருமினாலே சிறுநீர் கசியும் இவளுக்கு. உள்ளே நாடா மாதிரி ஒன்றை வைத்து அதை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் நிறையக் குடி, வந்தால் அடக்காதே, அடக்கினால் கிருமி சேரும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். இவளும் தலையை ஆட்டினாள்.

எல்லாம் இவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனி வாசல் வரைக்கும்தான். கசிந்த காலத்தில், நாற்றம் என்று சூப்பர்வைசர் இவளைக் கடைசி மிஷினில், கழிப்பறைக் கதவோரமாகத் தள்ளியிருந்தான். அந்தக் கதவுச் சாவி அவன் இடுப்புக் கொத்தில் தொங்கும். யாராவது கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். ஆபரேஷன் முடிந்து போனவளுக்கோ தலைகால் புரியவில்லை. இப்போதுதான் அடக்க முடிகிறதே. காலையில் உட்கார்ந்தவள் வேலை முடியும் மணி அடிக்கிறவரை எழுந்திருப்பதில்லை. நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே வீடு திரும்பியது. சூப்பர்வைசர் குளிர்ந்துபோய் அவளை முதல் மிஷினுக்கு மாற்றினான்.

அப்புறம் எரிச்சல், முதுகுவலி, குளிர்காய்ச்சல். மறுபடி ஆஸ்பத்திரி. கிருமி கிட்னி வரை ஏறிவிட்டது, இனியும் அடக்கினால் கிட்னியே கெட்டுப்போகும் என்று டாக்டரம்மாள் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். அடக்கியது நானா?

மறுநாள் சூப்பர்வைசர், இடுப்பில் அதே சாவிக்கொத்தோடு, ஆஸ்பத்திரிக்கே பார்க்க வந்தான்.

"இவங்கள மாதிரி ஆள் கெடைக்காது பெரியவரே. சீட்ட விட்டு அசையவே மாட்டாங்க. மத்த பொம்பளைங்களுக்கு இவங்களத்தான் காட்டுவேன்."

"செத்தா போட்டோ மாட்டிக் காட்டு," என்றேன்.

மனைவி என்மேல் விழுந்து பிடுங்கினாள். இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவன் அவன் ஒருத்தன்தானாம்.

அவனுக்கு அது போதவில்லை. சீக்கிரம் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மிஷினுக்கு வேறு ஆள் பார்ப்பேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு தலைமாட்டுப் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துத் தீர்த்தாள்.

"பாத்துக்கங்க சார். எனக்குக் கடைசி மிஷின் போதும், கக்கூசுக்கு அதுதான் பக்கம். அந்தச் சாவிய மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க. நான் வர்றப்ப கொண்டாந்து மாட்டறேன், இனிமே அது கதவுலயே தொங்கட்டும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கையை நீட்டினேன்.

வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற அவனுக்கு நகம் போதவில்லை. நான் உதவி செய்யவில்லை.