வாசல் பக்கத்து நான்கு மரங்கள்

நான்காவது மரத்தின் பட்டையிலிருந்து கடைசி ஸ்டேபிள் முள்ளைக் குறட்டால் பிடுங்கிக்கொண்டிருந்தபோது தரைத்தளத்து ஜன்னல் திறந்தது. ஸ்தமென். அவர் ஜன்னலைத் திறந்தால் யாரையாவது திட்டத்தான் திறப்பார், இந்த வருடம் அந்த யாராவது நான்தான். என் இடது கையில் அவர் மனைவி வாஸ்காவின் படம் போட்ட தாள் இருந்தது. 'எங்களை விட்டுப் பிரிந்து ஆறு மாதம்' என்று கறுப்புக் கட்டத்துக்குள் அச்சடித்த தாள். எங்கள் ஊரில் இறந்தவர்களின் தாளைக் கதவில் ஒட்டுவார்கள், பேருந்து நிறுத்தத்தில் ஒட்டுவார்கள், மின்கம்பத்தில் ஒட்டுவார்கள். மரம் இருந்தால் மரத்தில் அடித்துவிடுவார்கள். என் மணிக்கட்டு கனம்கூட இல்லாத தண்டில் எட்டு முள்.

"கையில இருக்கிறது யாருன்னு தெரியுதா?"

"தெரியுது மாமா. கதவுல ஒட்டுங்க. இது மரம்."

"மரமா? எங்க? நான் குச்சியைத்தான் பாக்குறேன்."

"குச்சிக்கும் தோல் இருக்கு."

தாளின் ஒரு மூலை கிழிந்துவிட்டிருந்தது, வாஸ்காவின் தோள் வரைக்கும். அதை நான்காக மடித்து அவர் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முள்ளைப் பிடுங்கிய ஓட்டைகளிலிருந்து சாறு கசிந்துகொண்டிருந்தது, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"என் பொண்டாட்டி மூஞ்சியைக் கிழிச்சிட்ட இல்ல? பாக்கலாம், உன் குச்சி எத்தனை நாள் நிக்குதுன்னு" என்றார். ஜன்னல் அடைபட்டது. அது மே மாதம்.

மொத்தம் பதினொரு துருக்கி ஹேசல் கன்றுகள், கொட்டை காய்க்கும் மரம். நகராட்சியில் மரம் நடுவது என் வேலை, போன இலையுதிர்காலத்தில் நட்டேன். அதற்கு முன்னால் குடியிருப்புக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் கத்த வேண்டியிருந்தது. இவர்களுக்கு வங்கி வாசலில் நிற்கிறதே, அந்த மாதிரி நீல ஊசியிலை மரம் வேண்டுமாம். மலையில் குளிரில் வளர்கிற மரம் அது. வங்கிக்காரன் மூன்று வருடத்துக்கு ஒருமுறை காய்ந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுகிறான், அதை ஒருவரும் கவனிப்பதில்லை. இங்கே ஜனவரியில் மைனஸ் பத்தொன்பது, ஆகஸ்டில் நாற்பத்தொன்று, மண் முழுக்கச் சுண்ணாம்பு, டான்யூப் பக்கமிருந்து வரும் காற்று இலையில் இருக்கிற ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போகும். இத்தனையையும் தாங்கும் மரங்களை விரல் விட்டு எண்ணலாம், அதில் ஒன்று இது என்று சொன்னேன். மெதுவாக வளரும், ஆனால் உங்கள் பேரன் நிழலில் நிற்பான் என்றேன்.

"ஐந்நூறு வருஷம் துருக்கிக்காரன் நம்ம தலைமேல உக்காந்திருந்தான்" என்றார் ஸ்தமென். "இப்பதான் எந்திரிச்சுப் போனான். எஞ்சினியரம்மா அவன் மரத்தைக் கொண்டாந்து வாசல்ல நடுறாங்க." கூட்டமே சிரித்தது. என் அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அம்மாவின் பெயர் தோங்கா, நகராட்சியில் தெருப் பெருக்குகிறாள். சனிக்கிழமைகளில் குடியிருப்புக்குப் பின்னால் சிமென்ட் தளத்தில் ஊரார் கம்பளங்களைத் துவைக்கிறாள். சோபியாவில் ஐந்து வருடம் நான் படித்த படிப்பு அந்தக் கம்பளங்களின் அழுக்கிலிருந்து வந்தது. படித்து முடித்துத் திரும்பிய அன்று அவள் கேட்டது இது: "மரம் வைக்கிறதுக்கா அஞ்சு வருஷம்? உன் தாத்தன் ஒரு மணி நேரத்துல நாலு வெப்பானே." ஆனால் அடுத்த நாள் காலை கடையில், "எம் பொண்ணு எஞ்சினியர்" என்று அவள் ரொட்டிக்காரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ரொட்டிக்காரியிடம்தான் சொல்வாள்.

நகராட்சியில் என் மேலாளர் லாசரோவ் பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்பவர். "செப்டம்பர் ஒண்ணாம் தேதி நானே வந்து எண்ணுவேன். ஆறு மரம் பச்சையா நின்னா பதினொண்ணும் உன்னுது, காஞ்ச குழிக்கு நானே புதுக் கன்னு தர்றேன். அஞ்சுன்னா குழியெல்லாம் தார். ஜனங்க கார் நிறுத்த இடம் கேக்குறாங்க. உனக்கும் வேற ஊர் பாத்துக்க." குளிர்காலத்திலேயே ஸ்தமெனின் வேன் பின்னால் எடுக்கும்போது கடைசி இரண்டு கன்றுகளை முறித்துவிட்டது. வேண்டுமென்றுதான் என்று நான் சொன்னேன், பனி என்று அவர் சொன்னார். மீதி ஒன்பது.

ஜூலை இரண்டாவது வாரம் வாசல் பக்கத்து நான்கு மரங்களின் இலை ஓரம் பழுப்பாகியது. வெயிலில் கருகினால் ஒன்பதும் கருக வேண்டும். இந்த நான்கு மட்டும், நெருப்பில் வாட்டிய தாள் மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே சுருண்டுகொண்டு வந்தது. குழியின் மேல்மண்ணில் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. மண்ணை எடுத்துப்போய் அலுவலகக் கருவியில் அளந்தேன். உப்பு. தாங்கும் அளவைப் போல ஐந்து மடங்கு.

இந்தக் குடியிருப்பில் உப்பு மூட்டை வைத்திருப்பவர் ஒருவர்தான். ஸ்தமென் குளிர்காலத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவருக்காக வேனில் சாலைக்கு உப்புத் தூவப் போவார். மீந்த மூட்டைகள் அவருடைய நிலவறைக் கிடங்கில் கிடக்கும். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல், எல்லோரும் பால்கனியில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த நேரம், முற்றத்தின் நடுவில் நின்று கத்தினேன். "ஸ்தமென் மாமா! வெளிய வாங்க! செத்தவங்க படத்தை எடுத்ததுக்கு உயிரோட இருக்கிற மரத்துக்கு விஷம் வெக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" பால்கனிகளில் மிளகாய்ப் புகைக்கு நடுவில் தலைகள் நீண்டன.

அவர் உள்பனியனோடு வந்து நின்றார். வழக்கமாக என்னைவிடச் சத்தமாகக் கத்துபவர் அன்று கத்தவில்லை. "நான் அந்தக் குழிக்கிட்டகூடப் போகல" என்றார்.

"உப்பு உங்க கிடங்குல இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அவ்வளவுதான்."

மறுநாள் நகராட்சியில் புகார் எழுதிக் கொடுத்தேன். நகராட்சி ஆட்கள் வந்து எல்லோர் முன்னாலும் கிடங்கைத் திறந்து இரண்டு மூட்டைகளைத் தூக்கிப் போனார்கள். மூட்டைகள் ஒப்பந்தக்காரருடையவை, வீட்டில் இருந்திருக்கக் கூடாது. வருகிற குளிர்காலத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் ஸ்தமெனிடம் சொல்லிவிட்டாராம். இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நாற்றங்காலுக்குப் போக வேண்டிய வண்டி பாதி வழியில் நின்றுவிட்டதால் பத்து மணிக்கே திரும்பினேன். முற்றத்தில் அம்மா. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு வாளி. நான்காவது குழியில் ஒன்றைக் கவிழ்த்தாள். சாம்பல் நிறத் தண்ணீர், மேலே நுரை, லாவண்டர் வாசனை. அவள் துவைக்கும் பொடியின் வாசனை. சின்ன வயதிலிருந்தே அவள் கையில் இருப்பது.

"அம்மா. என்ன பண்ற?"

"கண்ணு தெரியலையா? தண்ணி ஊத்துறேன். வாரத்துக்கு ஒரு டேங்கர் பத்தலை பத்தலைன்னு நீதான பொலம்புன?"

"இது கம்பளம் துவைச்ச தண்ணி. சோடா போட்டது, அதுவும் உப்புதான். வெளுக்கிற மருந்து போட்டது."

"கொஞ்சமாத்தான் போட்டேன். அழுக்கு மண்ணுக்கு நல்லதுதான?"

"எத்தனை நாளா?"

"மே மாசத்துல இருந்து. எல்லாத்துக்கும் ஊத்த எனக்கு இடுப்பு ஏது? வாசல்ல இருக்கிற நாலுக்குத்தான். போற வர்றவன் கண்ணுல படுற நாலு. அதாவது நல்லா வரட்டும்னு." அவளே வாளியைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்த கணம் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் உடனே கோபம் வந்துவிட்டது. "சொல்ல வேண்டியதுதான? அஞ்சு வருஷம் படிச்சியே, பெத்தவ வாளியில என்ன இருக்குன்னு ஒரு நாள் எட்டிப் பாத்தியா? நீ என்னைக்கு என் வேலையைப் பாத்த?"

என்னிடம் இருந்தது ஒரே கேள்வி. "ஸ்தமென்?"

அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "வாயை மூடிக்கிட்டு மேல வா. அவன்தான்னே இருக்கட்டும். அவன் என்ன யோக்கியனா? ரெண்டு மரத்தை ஒடிச்சவன்தான? நான்னு தெரிஞ்சா நாளைக்கு எவ எனக்குக் கம்பளம் கொடுப்பா? எஞ்சினியரோட அம்மாவே எஞ்சினியர் மரத்தைக் கொன்னாளாம்னு சிரிப்பா சிரிச்சிருவாளுங்க."

உப்பை மண்ணிலிருந்து வெளியேற்ற ஒரே வழி நல்ல தண்ணீர். நிறைய, விடாமல், வேருக்குக் கீழே இறங்கிப் போகும்வரை. லாசரோவிடம் போனில் டேங்கர் கேட்டேன். கால்பந்து மைதானத்துப் புல்லுக்குப் போயிருக்கிறது, வியாழக்கிழமை பார்க்கலாம் என்றார். வியாழக்கிழமை வரை தாங்காது, முதல் மரத்தின் நுனிமொட்டு ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இரண்டு வருடமாக ஓடவில்லை. குளியலறையிலிருந்து இருபத்தாறு வாளி சுமந்தேன். மண் குடித்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி பார்த்தது. நான்கில் ஒன்றாவது பிழைக்க வேண்டும். ஐந்தோடு ஒன்று ஆறு. முற்றத்தை எட்டும் நீளக்குழாய் இந்தக் குடியிருப்பில் ஒரே வீட்டில்தான் இருக்கிறது. வேன் கழுவுவதற்கு வாங்கிய பச்சைக் குழாய்.

ஸ்தமெனின் கதவில் வாஸ்காவின் தாள் ஒட்டியிருந்தது. அதே தாள். கிழிந்த தோளைப் பின்னாலிருந்து டேப் வைத்து ஒட்டி, நான்கு மடிப்பையும் கையால் நீவியிருந்தார். மணி அடிக்க விரல் போகவில்லை, முட்டியால் தட்டினேன்.

திறந்தார்.

"மாமா, நீங்க இல்ல. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. கடுதாசியை நாளைக்கே வாபஸ் வாங்கிடறேன். ஒப்பந்தக்காரர்கிட்ட நானே பேசறேன்." பிறகு, அதே மூச்சில், "உங்க தண்ணிக் குழாய் வேணும். இன்னிக்கே."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை. "மன்னிப்பு கேக்க வந்தியா, குழாய் கேக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"மரம் சாகலைன்னா வந்திருக்க மாட்ட."

அது உண்மை.

"யாரு?" என்றார்.

என் கண் என்னை மீறி மாடிப்படிப் பக்கம் போனது. அவரும் அதைப் பார்த்தார். கம்பளத்திலிருந்து சொட்டிய நீரின் கோடு வாசலிலிருந்து படியேறி மேலே போயிருந்தது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. இரக்கம் என்று சொல்ல மாட்டேன்.

"கதவுக்கிட்ட நின்னு குசுகுசுன்னு சொல்றதுக்கு நான் என்ன பாதிரியா? என்னை எங்க நின்னு கேட்ட? நடு முத்தத்துல. அங்கயே நில்லு. அதே சத்தத்துல சொல்லு. யாருன்னு பேரோட. தண்ணி தானா வரும்."

கதவைச் சாத்தினார். நான் முற்றத்துக்கு வருவதற்குள் அவர் ஜன்னல் திறந்திருந்தது. பச்சைக் குழாயின் வாய் வெளியே விழுந்து, நான்காவது குழியின் விளிம்பு வரை வந்து கிடந்தது. உள்ளே சமையலறையில் அவர் நிழல், ஒரு கை திருகின் மேல்.

அது எல்லோரும் பால்கனிக்கு வரும் நேரம். மேலே எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் அம்மா யாருடைய சிவப்புக் கம்பளத்தையோ விரித்துப் போட்டிருந்தாள். அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையை ஆட்டவில்லை, சைகை காட்டவில்லை. கம்பளத்தின் குஞ்சத்திலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக மூன்று மாடி இறங்கி சிமென்டில் விழுந்துகொண்டிருந்தது. முற்றத்தில் வேறு சத்தமே இல்லை.

குழாயைக் கையில் எடுத்தேன். லேசாக இருந்தது, உள்ளே காற்று மட்டும். மரத்தில் சுருளாத இலைகளை எண்ணினேன், ஏழு. தலையை உயர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.