கரி வளையம்

பதினொன்று வரை எண்ணியிருந்தபோது ஜெயசுதாவின் தோள்பைக்குள் கைப்பேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. கரியாலூருக்கு மேலே, சாலையோரம் மண்டிக் கிடந்த காட்டுச் சூரியகாந்திப் பூ ஒன்றின் முன்னால் முக்காலியில் கேமரா நின்றிருந்தது. பதினைந்து நொடி அது திறந்தே இருக்க வேண்டும். அதற்குள் பூ அசைந்தால் காலையிலிருந்து பட்ட பாடு வீண். குடையை விரித்துக் காற்றை மறித்துக்கொண்டு, பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணி முடித்துவிட்டுத்தான் கைப்பேசியை எடுத்தாள்.

“அக்கா, எங்க இருக்கற?” தம்பி பழனி. “அப்பா காலையிலேர்ந்து பாலுகூட முழுங்கல. டாக்டர் வந்து பாத்துட்டு, சொல்றவங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்கன்னுட்டாரு. இன்னிக்குத் தாண்டாதாம்.”

“நெனப்பு இருக்குதா?”

“இருக்குது. உன்னத்தான் கேட்டுக்கினு இருக்காரு.”

திரையில் விழுந்திருந்த பூவைப் பார்த்தாள். மனிதக் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியை மட்டும் பிடிக்கும் கேமரா அது. உள்ளே இருந்த தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்னால் அட்டைக் கருப்பில் ஒரு பில்டரை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் அவள் பாடம் நடத்தும் கல்லூரிக்குக் கல்வராயன் மலைப் பூக்களைத் தேனீ பார்ப்பதுபோல் படமெடுக்கும் திட்டம் ஒன்று கிடைத்தது. வெயிலில் அலைய ஆள் தேடியபோது, நிரந்தரமானவர்கள் எல்லோருக்கும் முட்டி வலி வந்துவிட, தற்காலிக விரிவுரையாளர் தலையில் அது வந்து விழுந்தது.

நேரில் இதழ் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்த பூ, படத்தில் நுனி வெளுத்து, அடியில் கரியால் சுற்றிவிட்டதுபோல் ஒரு வளையத்தோடு இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் இந்த வளையத்தை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்து நான்கு வருசத்துக்கு முன் அவளுடைய அப்பா அம்மாசி இதைத்தான் பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லிப் பைத்தியக்காரன் என்று பேர் வாங்கினார்.

அம்மாசி அப்போது வடக்கனந்தலில் அடுத்தவர் நிலத்தை, விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார். கரும்பு வெட்டப் போன இடத்தில் காய்ந்த சோகை இலை கிழித்து வலது கண் வெளுத்துப்போனது. கண் முகாமில், கெட்டுப்போன விழிவில்லையை எடுத்துவிட்டார்கள். வேறு வில்லை வைக்கும் நிலையில் கண் இல்லை என்று தடிமனாக ஒரு கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வெள்ளாமை சூரியகாந்தி. பூத்து நின்ற கொல்லையை, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தவர், எல்லாப் பூவிலும் கருகல் நோய் விழுந்துவிட்டது, ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று ஒரே பகலில் அரை ஏக்கரைப் பிடுங்கிக் குவித்துவிட்டார். நிலத்துக்காரர் வந்து குதித்தார். வேறு யார் கண்ணுக்கும் எந்தக் கருகலும் தெரியவில்லை.

“எம்பொண்ணு செடிகொடிதான் படிக்குது, அதக் கேளுங்க” என்று அப்பாதான் சொன்னார். ஜெயசுதா அப்போது தாவரவியல் முதலாம் ஆண்டு. இதழ் இதழாகப் பிய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஊர்க்காரர்கள் எதிரில், “ஒண்ணுமில்ல, நல்ல பூவு” என்றாள். அதோடு தீர்ந்தது. மறுநாளே அவரைப் பேய் ஓட்டும் கோயில் ஒன்றுக்குக் கொண்டுபோய் ஒரு மண்டலம் சங்கிலியில் கட்டிப்போட்டார்கள். திரும்பி வந்தவர் அதன் பிறகு பூவைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

இந்தப் புற ஊதா ஒளியைக் கண்ணுக்குள் விடாமல் தடுப்பதே விழிவில்லைதான், அதை எடுத்துவிட்டவர்களில் சிலருக்கு அது தெரியும் என்று படித்த பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்வந்துவிட்டாள். மூன்று முறையும் கேமரா பையை விட்டு வெளியே வரவில்லை. நீ பார்த்தது நிஜம் என்று சொன்னால், உன்னைக் கட்டிப்போட வைத்தது நான்தான் என்றும் சொல்லியாக வேண்டுமே. இன்றைக்கு விட்டால் கேட்க ஆள் இருக்காது. முக்காலியை மடக்கி ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு மலையிறங்கினாள். எதிரே வந்த பேருந்து ஓட்டுநர் அவளைத் திட்டியது காதில் விழுந்தது. திட்டட்டும் என்று போனாள்.

நடு வீட்டில் கட்டில் போட்டிருந்தார்கள். லட்சுமியம்மாள் பால் தம்ளரும் கரண்டியுமாகக் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகள் பையிலிருந்து கேமராவை எடுப்பதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்தது.

“இந்த நேரத்துல அது இன்னாத்துக்குடி?”

“செத்த இரும்மா.” ஜெயசுதா திரையை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “அப்பா, இதப் பாரு.”

அம்மாசி கண்ணாடியைத் துழாவினார். பழனி எடுத்து மாட்டிவிட்டான். இடது கையைத் தூக்க முடியாமல் தூக்கி, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். அந்தப் பழக்கத்தை மட்டும் எந்தச் சங்கிலியும் எடுக்கவில்லை.

“வளையம்” என்றார்.

“ஆமாப்பா.”

“யாரு வரஞ்சது?”

“வரையலப்பா. படம் புடிச்சது. இந்த மிசினுக்கு மட்டும் தெரியற வெளிச்சம் ஒண்ணு இருக்குது. வில்ல எடுத்த கண்ணு பாரு, அதனால உனக்கும் தெரிஞ்சிருக்குது. எங்களுக்குத்தான் தெரியல.” “அன்னிக்கு நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். நான் சொல்லித்தான உன்னக் கொண்டும்போய்க் கட்டினாங்க.”

லட்சுமியம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அம்மாசி மகள் சொன்னதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. பார்வை திரையை விட்டு நகரவில்லை.

“இது நோவா?” என்றார்.

“இன்னாப்பா?”

“கருகலான்னு கேக்கறேன்.”

“இல்லப்பா. பூவு பொறக்கறதே அப்படித்தான். தேனு இங்க இருக்குதுன்னு தேனீக்குக் காட்டறதுக்கு.”

அவர் யோசித்தார். பிறகு நெஞ்சு குலுங்கியது. பழனி பயந்துபோய் அவர் தோளைப் பிடித்தான். அப்புறம்தான் தெரிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நல்ல பயிரத்தான் புடுங்கிப் போட்டனா? அரை ஏக்கரு. நெலத்துக்காரரு குதிச்சது ஞாயந்தான்.”

“அப்பா, நான் இன்னா சொல்லிக்கினு இருக்கறேன்...”

“நீ நல்ல பூவுன்னுதான சொன்ன? நல்ல பூவுதான்.” மூச்சு வாங்க நிறுத்தினார். “நான் பயந்துக்கினே இருந்தேன். எத்தினி வருசமா ஊரே நோவு புடிச்சி நிக்குது, ஒருத்தனுக்கும் தெரியல. சொன்னா கட்டிப்புடுவாங்க. நோவு இல்லல்ல?”

“சத்தியமா இல்லப்பா.”

“அப்ப சரி.”

இருபத்து நான்கு வருசமாக அவர் வீதியில் போகும்போதெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டு போனார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மூன்று வாரம் முன்பே சொல்லியிருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. இன்றைக்காவது சொன்னோமே என்றும் இருந்தது. ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். மலையில் எடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட பூக்களை அவர் சந்தைக்கு வந்தவர்போல நிதானமாகப் பார்த்தார். சிலதுக்குத் தலையாட்டினார். ஒன்றுக்கு, “இதுல கோடு ஜாஸ்தி” என்றார். அப்புறம் இரண்டு கரண்டி பால் முழுங்கினார்.

பொழுது சாயும் முன் போய்விட்டார். தூங்குகிறவரை எழுப்பப் போய்த்தான் லட்சுமியம்மாளுக்குத் தெரிந்தது. ஜெயசுதா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே இத்தனை நாள் சொல்லாமல் சுமந்தது இறங்கிப்போயிருப்பதும் தெரிந்தது. அப்பா செத்துக் கிடக்கையில் இப்படி ஒரு நிம்மதியா என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் நிம்மதி ஒன்றும் குறையவில்லை.

பதினைந்தாம் நாள் பிற்பகல். மறுநாள் கருமாதி. தாலியைக் கழற்றி வாங்குவதற்கு முன் கடைசியாக ஒருமுறை, கணவனை இழந்த பெண்ணை அலங்கரித்து உட்கார வைப்பது அவர்கள் வழக்கம். வேண்டவே வேண்டாம் என்று ஜெயசுதா இரண்டு நாளாகச் சண்டை போட்டுப் பார்த்தாள். “ஒரு தடவ நெறைய வெச்சிக்கினு எடுத்துடறேன், வுடு” என்று லட்சுமியம்மாள் முடித்துவிட்டாள். ஓரகத்தி ராஜாம்பாளும் மற்றவர்களும் முகத்தில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கை நிறைய வளையல் போட்டு, கழுத்து மறையப் பூச்சூட்டி வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ராஜாம்பாள் ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமினாள்.

“செத்த இரு” என்று லட்சுமியம்மாள் அவளை அடக்கினாள். “ஏ ஜெயா, அந்தக் கேமராவ எடுத்தா.”

“இன்னாத்துக்கும்மா?”

“அவுரு கண்ணுக்கு நான் எப்படித் தெரிஞ்சேன்னு பாக்கணும்.”

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயசுதா முக்காலியை விரித்தாள். “பதினைஞ்சு எண்ற வரைக்கும் அசையக் கூடாதும்மா” என்றாள். லட்சுமியம்மாள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

படத்தில், மஞ்சள் பூசிய முகம் அடுப்பில் ஏறிய சட்டிபோல விழுந்திருந்தது. லட்சுமியம்மாள் கேமராவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இம்மாங் கருப்பாவா தெரிஞ்சேன்?”

கேமராவுக்கு அந்த ஒரு ஒளிதான் தெரியும், அப்பாவுக்கு எல்லா நிறமும் சேர்ந்துதான் தெரிந்திருக்கும் என்று சொல்ல ஜெயசுதா வாயெடுத்தாள்.

“ஒரு நாளு சொல்லல பாரு அந்த மனுசன்” என்றாள் லட்சுமியம்மாள்.

லட்சுமியம்மாள் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“உம்முனு இருந்துட்டேன். இன்னொண்ணு எடு” என்று சொல்லிவிட்டு, எழுந்து, வெயில் நன்றாக விழும் பக்கமாக நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.