சுபத்ராவுக்கு எந்த மருந்து

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கப் போனபோது மேசைமேல் கிடந்ததை எட்டிப் பார்த்தேன். குழந்தைகளை மயக்கப்படுத்த இரண்டு மருந்துகள்: குடிக்கும் சிரப்பு, மூக்கில் விடும் சொட்டு. எதில் சீக்கிரம் தூங்கினார்கள், எதில் அழுதார்கள், நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கட்டங்கள். அந்தக் கடைசிக் கட்டம் என்னை விடவில்லை.

2

கட்டங்களை நிரப்ப ஒரு நர்ஸ் வேண்டும். ஜெப ஷீலா என்று பெயர் வைத்தேன். கறாரானவள், ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பேசமாட்டாள். [நல்ல வரிதான். ஆனால் இந்தக் கதையில் ஊசியே இல்லை.]

அவள் எதிரே பாலவனத்தம் கிராமத்து முத்துத்தாய். மடியில் ஐந்து வயது மகள் சுபத்ரா, கன்னம் வீங்கி ஒரு மாதமாகிறது. மயக்க டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் வருவார்.

"காலைல இருந்து பிள்ளைக்கு ஏதும் குடுத்தியா?"

"பச்சத் தண்ணி கூடக் குடுக்கல சிஸ்டர்."

பொய். பசியில் துடித்த பிள்ளைக்குப் பஸ்ஸில் டீயில் நனைத்த பன் ஊட்டியிருந்தாள். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன வாரம் அப்படித்தான் அனுப்பினார்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறினால் மூச்சை அடைத்துவிடும். அது ஜெப ஷீலாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பன் என்ன செய்துவிடும் என்று முத்துத்தாய் நினைத்தாள்.

3 (முதல் வரைவு)

சிரப்பு கொடுத்தேன். அரை மணியில் சுபத்ரா சொக்கிப்போனாள். டாக்டர் பல்லில் கை வைத்ததும் ஓங்கரித்தாள். ஜெப ஷீலா அவளைச் சட்டென்று ஒருக்களித்துத் திருப்பி, "சுபத்ரா, சுபத்ரா" என்று கன்னத்தைத் தட்டினாள். உதடு நீலம் பாரித்து

(மேலே எழுத மனம் வரவில்லை. அடித்துவிட்டேன்.)

4 (இரண்டாம் வரைவு)

இம்முறை மூக்குச் சொட்டு. சாதாரணத் தூக்கம்போல மெல்ல இறங்குமாம். அதே சனிக்கிழமை, அதே நாற்காலி, அதே பொய். ஜெப ஷீலா குனிந்ததும் சுபத்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. போன தடவ நீங்க என்னயக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீக. நான் எந்திரிக்கவே இல்ல."

"போன வாரம் மருந்தே குடுக்கலையே கண்ணு."

"குடுத்தீக. கசந்துச்சு."

அந்தச் சிரப்பு குடித்தால் நடந்தது மறந்துபோகும் என்றுதான் படித்திருந்தேன். அடித்த வரிகளை நான் யாரிடமும் காட்டவும் இல்லை.

ஜெப ஷீலா சொட்டு மருந்தைக் கீழே வைத்தாள். "உண்மையச் சொல்லு முத்துத்தாயி. பிள்ள ஏதாச்சும் தின்னுச்சா?"

5

முத்துத்தாய் ஒப்புக்கொண்டாள், அடுத்த சனிக்கிழமை பல்லை நல்லபடியாகப் பிடுங்கினார்கள் என்று எழுதினேன். மனது ஆறியது. ஆனால் சுபத்ரா நாற்காலியை விட்டு இறங்கவில்லை. அம்மாவைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"பல்லு பிடுங்கினது வேற பிள்ளைக்கு. என்னய நீங்க பாதில விட்டுட்டுப் போயிட்டீக. அங்கன அந்த அக்கா இன்னமும் தட்டிக்கிட்டே இருக்காக."

மூன்று நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த வரிக்குத் திரும்பிப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. நீலம் பாரித்து என்பதற்கு அடுத்த சொல்லை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் இன்னும் மூச்சு விடவில்லை.