ஒத்தைக்குத்து அக்காவின் கை

நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அதை நிறுத்த வேண்டிய வலது கை வரவில்லை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி போர்வைக்குள் எங்கோ கிடந்தது. அவள் இடது கையால் அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். தன் கை இவ்வளவு கனம் என்பது நாற்பத்தோரு வயதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“அதை நிறுத்தேன்” என்றான் கணவன், கண்ணைத் திறக்காமல். அவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மணிக்குமேல்தான் அவனுக்கு வேலை.

“கை வந்ததும் நிறுத்துறேன்.”

“எங்க போயிருக்கு?”

அவள் கையை உதறினாள். முதலில் முழங்கை திரும்பி வந்தது. பிறகு எறும்பு ஊர்வது போல உள்ளங்கை. சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எப்போதும் சரியாகவே இருந்தது. கடைசியாக வர வேண்டியவை கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். போன மாதம் அவை பல் தேய்ப்பதற்குள் வந்துவிட்டன. இப்போது பேருந்து ஏறி, இறங்கி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகும் வருவதில்லை.

ஆட்காட்டி விரலை வைத்துத்தான் அவளுக்குப் பிழைப்பு. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள். ஆறு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் முழங்கை மடிப்பைத் தடவுவாள். தோலுக்கு அடியில் எந்த இடம் மெத்தென்று அமுங்கி எழும்புகிறதோ அங்கே ஊசி. கண்ணுக்குத் தெரியும் ரத்தக்குழாயை அவள் நம்புவதில்லை, அது நழுவும். விரலுக்குத் தட்டுப்படுவதுதான் நிஜம். பதினாறு வருடத்தில் இரண்டாவது தடவை குத்தியது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. அதனால் ஆய்வகம் முழுக்க அவளுக்கு ஒத்தைக்குத்து அக்கா என்று பெயர்.

அந்த ஒத்தைக்குத்து அக்கா போன வாரம் இரண்டு பேரை இரண்டு முறை குத்தியிருந்தாள்.

“என்னக்கா, பேரை மாத்திரலாமா?” என்று பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். ஆய்வகப் பொறுப்பாளர் அம்மாள் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை ஆச்சுன்னா லேபிள் ஒட்டுற மேசையில உக்காரு. கோவிச்சுக்காதே, குத்து வாங்குறவங்க மனுஷங்க” என்றார்.

லேபிள் மேசைகூடப் பரவாயில்லை. அவள் பயந்தது செவ்வாய்க்கிழமைக்குத்தான். ஒரு வாரம் விட்டு ஒரு செவ்வாய் ஆறரை மணிக்கு டிக்கெட் தாத்தா வருவார். ரயிலில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். புற்றுநோய் மருந்து ஏறி ஏறி அவருடைய ரத்தக்குழாய்கள் காய்ந்த கொடி மாதிரி இறுகிப்போய்விட்டன. மிச்சம் இருந்தது வலது மணிக்கட்டின் ஓரத்தில் நூல் போல ஒன்று. அதுவும் கெட்டால் நெஞ்சைக் கீறி உள்ளே குழாய் பதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “நெஞ்சுல கதவு வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ண?” என்று கேட்டுவிட்டு, இவள் மேசைக்கு மட்டுமே வந்துகொண்டிருந்தார்.

கை மரத்துப்போவதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று அவள் யோசித்தாள். வேறு யாராக இருந்தாலும் நேராக டாக்டரிடம் போயிருப்பார்கள். அவளுக்கோ எந்த வியாதியானாலும் டியூபுக்குள் சிக்காமல் எங்கே போய்விடும் என்ற எண்ணம். ஒரு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, தன் இடது கையில் தானே குத்தி மூன்று டியூப் நிரப்பினாள். வாயில் வந்த பெயரை லேபிளில் எழுதி, மற்ற டியூப்களோடு சேர்த்து அனுப்பிவிட்டாள். சர்க்கரை, தைராய்டு, கால்சியம், வைட்டமின் எல்லாம் ஒழுங்கு. நம்பிக்கை வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு பெயரில் இன்னும் நாலு டியூப். அவையும் ஒழுங்கு.

மூன்றாம் நாள் மெஷின் அண்ணன் வந்து நின்றார். டியூப்களை இயந்திரத்தில் ஏற்றி எண்களைப் படிப்பவர். வெளியே வருவது அபூர்வம்.

“இந்த ரெண்டு பொம்பளையும் யாரும்மா? டாக்டர் சீட்டே இல்லை.”

“வந்திருப்பாங்க யாராவது.”

“ரெண்டு பேருக்கும் எல்லா நம்பரும் அக்கா தங்கச்சி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. ரத்த வகையைப் பார்த்தேன். நூறு பேருக்கு ஒருத்தருக்கு வர்ற வகை. அந்த வகை ரத்தம் வேணும்னா நம்ம ஆஸ்பத்திரியில உன்னைத்தான் கூப்பிடுவாங்க.”

அவள் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“உடம்புக்கு என்ன?”

“கை மரத்துப் போகுதுண்ணே. தூங்கி எழுந்தா.”

“அதுக்கு ஏழு டியூபா? இன்னும் ரெண்டு எடுத்திருந்தா மயக்கமும் வந்திருக்கும். அதுக்கு ஒரு டியூப் எடுத்திருக்கலாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் ஏதோ வந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். “நான் யார்கிட்ட சொல்லப்போறேன், மெஷின்கிட்டயா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் ஊழியர் அறை பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது எதிரே மெஷின் அண்ணன் டீக் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். வலது கை வழக்கம்போல அவளோடு இல்லை.

“தப்பா நினைக்காதேம்மா, படம் பிடிச்சிட்டேன். பாரு.”

கைபேசியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு கொக்கிபோல உள்பக்கம் மடங்கியிருக்க, விரல்கள் தாடைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. தலையின் பாரம் முழுக்க அதன்மேல்.

“இப்படிப் படுத்தா கை மரத்துப் போகாம பாட்டா பாடும்? முதல்ல நரம்பு டாக்டரைப் பாரு. உன் வியாதி டியூபுக்குள்ள இல்லை.”

நரம்பு டாக்டர் கையில் சின்னச் சின்னதாக மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகும் நரம்பு நெரிபடுகிறது. பகலெல்லாம் செய்யும் வேலை ஒரு காரணம், மடக்கிக்கொண்டு தூங்குவது இன்னொன்று. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் கட்டுப் போட வேண்டும். ஆறு வாரம் பார்க்கலாம், சரியாகாவிட்டால் சின்ன அறுவை என்றார்.

வீட்டில் கணவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “லிஃப்ட்லயும் இதே கதைதான். கேபிள் நேரா தொங்குற இடத்துல ஒண்ணும் ஆகாது. மடங்குற இடத்துலதான் விட்டுப்போகும். ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். தெரிஞ்சாவது இருக்கும்ல.”

டாக்டர் கொடுத்த கட்டு தொளதொளவென்று இருந்ததால், ஒரு அலுமினியப் பட்டையை அறுத்து, முனையை அரத்தால் ராவி உள்ளே செருகிக் கொடுத்தான். முதல் நாள் அவள் அதோடு புரண்டு அவன் மூக்கில் இடித்தாள். “லிஃப்ட் கதவே இப்படி இடிச்சதில்லை” என்று அவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

கட்டுப் போட்டு ஐந்தாம் நாள் செவ்வாய் வந்தது. கை முன்போலக் கனக்கவில்லை. ஆனால் ஆட்காட்டி விரல் நுனி இன்னும் துணி சுற்றியது போலத்தான் இருந்தது.

ஆறரைக்கு டிக்கெட் தாத்தா வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, மணிக்கட்டை மேசையில் நீட்டினார். அவள் பட்டையைக் கட்டினாள். விரலை வைத்துத் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. இடம் தெரியும், மணிக்கட்டுக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, பழைய ஊசித் தழும்புக்குப் பக்கத்தில். கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் பாதிக்குப் பாதி கிடைக்கும். பொறுப்பாளர் அம்மாள் அடுத்த மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஊசியின் மூடியைக் கழற்றப் போனவள் அப்படியே நிறுத்தினாள்.

பட்டையை அவிழ்த்தாள்.

“தாத்தா, இன்னிக்கு என் விரல் மரத்துப்போய் இருக்கு. குழாய் தட்டுப்படலை. வேற ஆளைக் கூப்பிடவா, இல்ல கொஞ்ச நேரம் இருக்கீங்களா?”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் பொறுப்பாளர் காதில் விழுந்துவிட்டது என்பது அவர் திரும்பியதிலேயே தெரிந்தது.

“எவ்வளவு நேரம்?” என்றார் தாத்தா.

“பத்து நிமிஷம். இருபதும் ஆகலாம்.”

“இருபது நிமிஷ லேட்டுக்கெல்லாம் நாங்க அறிவிப்பே கொடுக்க மாட்டோம்மா.”

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கையைத் தொங்கவிட்டு உதறினாள். வெந்நீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்து மேசைக்கு நகர்ந்தார்கள்.

“எனக்கு ரெண்டு பாதமும் மருந்துல மரத்துப்போச்சு” என்றார் தாத்தா. “போன வாரம் ஒத்தைச் செருப்போட கடை வரைக்கும் போயிட்டேன். பின்னாடி வந்தவன் இன்னொண்ணைக் கொண்டுவந்து கொடுத்தான். காலுக்குத் தெரியலை பாரு.”

“வலிக்காதா?”

“வலிச்சா தேவலையே.”

பதினெட்டாவது நிமிடம் அவள் பட்டையை மறுபடி கட்டினாள். விரலை வைத்தாள். தழும்பின் மேடு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம், நூல் அளவுக்கு ஏதோ அமுங்கி எழும்பியது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தாள். அதேதான். ஊசியின் மூடியைக் கழற்றினாள், தாத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

டியூபின் அடியில் ரத்தம் சொட்டத் தொடங்கியது. டியூப் நிரம்பி ஊசியை எடுத்ததும் தாத்தா கண்ணைத் திறந்தார். “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

அவர் போனதும் பொறுப்பாளர் அம்மாள் வந்தார். “எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு மாசம்.”

“டாக்டர் எத்தனை வாரம் சொல்லியிருக்கார்?”

“ஆறு.”

“அதுவரைக்கும் லேபிள் மேசை.”

அவள் தலையாட்டினாள். பிறகு, “தாத்தாவுக்கு?” என்றாள்.

அம்மாள் திரும்பி வரிசையைப் பார்த்தார். “அவருக்கு மட்டும் நீயே எடு. எட்டு மணிக்கு வரச் சொல்லு. அதுக்குள்ள விரல் வந்துடும்ல?”

“வந்துடும்.”

“வரலைன்னா?”

“வரலைன்னு சொல்லிடுவேன்.”

மறுநாள் அவள் லேபிள் மேசையில் உட்கார்ந்தாள். லேபிளின் முனை நகத்துக்குச் சிக்காமல் முதல் அரை மணி நேரம் படுத்தியது. மெஷின் அண்ணன் டியூப் தட்டை எடுக்க வந்தவர், ஒவ்வொரு பெயரையும் நிதானமாகப் படித்தார்.

“எல்லாரும் நிஜமாவே இருக்கிற ஆளுங்கதானே?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.